பாதி வீடு காலி

ஒரு பாட்டு நாலு பேருக்குப் பிடித்துவிட்டால் போதும், என் தம்பிக்கு அது ஆகாது. யாராவது வந்து "இந்தப் பாட்டு நல்லா இருக்குல்ல" என்றால் முகத்தைக் கோணிக்கொள்வான். கடையில், பேருந்தில், கல்யாண வீட்டில் ஓடும் பாட்டுகள் எதுவும் அவனுக்குத் தெரியாது. யாரும் கேட்டிராத பாட்டுகள் மட்டும் தலைகீழாகத் தெரியும். அக்கா என்ற முறையில் நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். செவிடன் காதில் சங்கு ஊதியதுபோல என்று முன்பெல்லாம் வேடிக்கையாகச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

அவனுக்கு ஐஸ் தொழிற்சாலையில் வேலை. கம்ப்ரசர் அறை அவன் பொறுப்பு. ஒருமுறை சாப்பாடு கொடுக்கப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற இயந்திரங்கள், உறைபனி படிந்த குழாய்கள், மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை. பேசினால் வாய் அசைவதுதான் தெரியும், சத்தம் வராது. அந்த இரைச்சலுக்கு நடுவில் சுவரோரம் ஒரு நாற்காலி. அதுதான் அவன் இடம். இயந்திரங்கள் எல்லாம் அவனுக்கு வலது கைப்பக்கம்.

மீட்டரைப் பார்ப்பது, எண்ணெய் விடுவது தவிர அவனுடைய முக்கியமான வேலை கேட்பது. பேரிங் தேயப் போகிறது என்றால் மீட்டர் சொல்வதற்கு முன்னால் சத்தம் சொல்லிவிடுமாம். காதை மூடிக்கொள்ளும் கவசம் நிர்வாகம் கொடுத்திருந்தது. அதை மாட்டினால் இயந்திரம் பேசுவது கேட்காது என்று அங்கே எல்லோரும் அதை ஆணியில் மாட்டிவிட்டார்கள். இவன் ஒரு படி மேலே போய், இடது காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்டான். வலது காது முதலாளிக்கு, இடது காது எனக்கு என்பான். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள்.

அவன் கேட்டதெல்லாம் தனியாக இயங்கும் சின்னச் சின்னக் குழுக்களின் பாட்டுகள். பின்னால் கம்பெனியும் இல்லை, காசும் இல்லை. பகலில் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் யாருடைய கார் கொட்டகையிலோ கூடி வாசித்து, தாங்களே பதிவு செய்து, தாங்களே அட்டை ஒட்டி, தெரிந்தவர்களுக்குக் கொடுப்பவர்கள். இவர்கள் கச்சேரி செய்தால் மேடையில் இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்கள் கொஞ்சம் அதிகமாக இருப்பார்கள், அவ்வளவுதான். என் தம்பி எல்லாவற்றுக்கும் போவான். எல்லோருக்கும் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்பான். கேட்டதைப் பற்றி இணையத்தில் 'கடைசி வரிசை' என்ற பெயரில் எழுதுவான். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் அந்தச் சின்ன உலகத்தில் அவன் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. கடைசி வரிசை என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கச்சேரிக்கு அழைப்பார்களாம்.

அபூர்வமான பதிவுகளைத் தேடுவது இன்னொரு பைத்தியம். 'டயர் கிடங்கு' என்று ஒரு குழு. பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த மூன்று பேர், டயர்கள் அடுக்கிய அறையில் ஒரே ஒரு மைக்கை நடுவில் வைத்து ஒரு கேசட் பதிவு செய்தார்கள். அத்தோடு சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். அந்தக் கேசட்டுக்காக என் தம்பி அலையாத இடமில்லை. கடைசியில் டிரம்ஸ் வாசித்தவரின் மாமியார் வீட்டில் கிடைத்தது. நாடாவை உருவி மாடியில் காக்கை விரட்டக் கட்டியிருந்தார்களாம். காற்றில் ஆடிக்கொண்டிருந்த நாடாவை அவிழ்த்து, துடைத்து, பென்சிலால் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். பிள்ளை பிறந்தபோதுகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒரே மைக்குக்கா. ஆனா வீடு நிறைய ஆளு," என்றான்.

அந்தச் சமயத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன், புது ஆல்பங்கள் அவனுக்குக் கசக்க ஆரம்பித்தன. முன்பெல்லாம் புதிதாக ஒரு குழு வந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். இப்போது எதைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிக்கப் பயப்படுகிறார்கள், நாலு பேர் என்று பெயர் போட்டு இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள், சத்தம் எல்லாம் ஒரு ஓரமாகக் கிடக்கிறது என்று எழுதினான். ஒரு ஆல்பத்தைப் பற்றி 'பாதி வீடு காலி' என்று எழுதினான். அந்த வாசகம் அவனுக்கே பிடித்துப்போய், அடுத்தடுத்து எல்லாவற்றுக்கும் அதையே போட்டான். பழைய ஒற்றை மைக் பதிவுகளைத்தான் மேலும் மேலும் புகழ்ந்தான். வயசாகிறது, எல்லோருக்கும் வருவதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். அவன் மனைவியும் அதையேதான் சொன்னாள்.

ஆனால் அவன் அரைகுறையாகக் கேட்டு எழுதுகிறவன் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். எந்த ஆல்பமானாலும் முதலில் வேலை நேரத்தில் ஒரு காதால் கேட்பான். வேலைக்கு நடுவிலும் ஒரு பாட்டு ஆளை இழுக்க வேண்டும் என்பது அவன் கட்சி. பிறகு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி முதலிலிருந்து கேட்பான். அப்புறம்தான் பேனாவை எடுப்பான். "ரெண்டு தடவ கேக்காம ஒரு வரி எழுத மாட்டேன்" என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு அத்தனை பெருமை.

அவனுக்கு ஒரே மகள். வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். ஒரு அச்சகத்தில் அட்டை வடிவமைக்கும் வேலை. அப்பாவின் பாட்டுகளைக் கேட்டே வளர்ந்த பிள்ளை. மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சினிமாப் பாட்டுப் பாடி ஆடும்போது, இது டயர் கிடங்கின் பாட்டைப் பாடிவிட்டு யாரும் கை தட்டாமல் இறங்கி வரும். சண்டை போடத் தெரியாது, எதிர்த்துப் பேசத் தெரியாது. அப்பா பாட்டைப் பற்றி ஒன்று சொன்னால் அதற்கு மேல் அவளுக்கு அப்பீல் கிடையாது.

அவளும் அவளுடைய தோழியும் சேர்ந்து 'ஈரக்குடை' என்று பெயர் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். தோழி கிட்டாரும் வாசிப்பாள். தோழியின் வாடகை அறையில் ஒரு ஆல்பம் பதிவு செய்யப் போவதாகச் சொல்லிக் குட்டி என்னிடம் வந்து போர்வைகள் கேட்டாள்.

"குளிருதா அங்க?" என்றேன்.

"இல்ல அத்தை. சுவத்துல தொங்கவிடணும். அப்பதான் சத்தம் எதிரொலிக்காது."

என் நல்ல போர்வைகள் சுவரில் தொங்குகிற அழகைப் பார்க்க நானும் ஒரு நாள் போனேன். கட்டிலை நிமிர்த்தி ஜன்னலை அடைத்திருந்தார்கள். பாயில் இடப்பக்கம் தோழி, வலப்பக்கம் குட்டி. ஆளுக்கொரு மைக். குட்டியின் மைக் அவளே பணம் சேர்த்து வாங்கியது. அவள் எனக்கு விளக்கினாள்.

"அவ குரல் இந்தப் பக்கத்துக் காதுல, என் குரல் அந்தப் பக்கத்துக் காதுல. கேக்கிறவங்க எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கணும் அத்தை."

எனக்குப் பாதி புரிந்தது. போர்வையைத் துவைத்துத் தந்தால் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வரும்போது படிக்கட்டில் நின்று கொஞ்சம் கேட்டேன். ஒன்றும் சொல்வதற்கில்லை, நன்றாகத்தான் இருந்தது.

ஆல்பத்துக்கு 'படியில் நின்றபடி' என்று பெயர் வைத்தார்கள். வெளியிடுவதற்கு முன்னால் குட்டி ஒரு பென் டிரைவில் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அன்றைக்கு நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"அப்பான்னு நினைக்காம எழுதுங்கப்பா. யாரோ ரெண்டு பேர்னு நினைச்சுக் கேட்டு எழுதுங்க," என்றாள்.

"நான் யாருக்கும் சலுகை காட்ட மாட்டேன், தெரியும்ல?"

"தெரியும்பா. அதுக்குத்தான் கேக்கறேன்."

வாழ்க்கையில் அவள் அப்பாவிடம் கேட்ட ஒரே விஷயம் அது என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு மருந்துக்கடையில் வேலை. அந்த வாரம் ஒரு சாயங்காலம் தம்பி ஷிஃப்ட் முடிந்து நேரே கடைக்கு வந்தான். முகம் செத்துப்போய் இருந்தது.

"அக்கா, குட்டி பாடவே இல்லக்கா," என்றான்.

"என்னடா உளர்ற. என் போர்வையெல்லாம் அங்கதான தொங்குச்சு."

"உக்காந்திருக்கா. ஆனா பாடல. எங்கயோ தூரத்துல யாரோ முனகுற மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு பிரமாதமா பாடுது. இவ பயந்து ஒதுங்கிட்டா."

"சரியா கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன். வீட்டுல ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு, கதவ மூடிக்கிட்டுக் கேட்டேன்."

"எழுதறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை கேளேன்டா."

"நான் யாரையும் கேட்டு எழுதினதில்லக்கா. அவளே அப்படித்தான் எழுதச் சொன்னா."

அவன் மனைவியும் சொல்லிப் பார்த்தாள். வீட்டில் பாடிப் பழகும்போது குட்டி பாடியது அடுக்களை வரைக்கும் கேட்டதே என்றாள். நேரில் பாடுவது வேறு, பதிவில் பாடுவது வேறு என்று இவன் அவள் வாயை அடைத்துவிட்டான். அடுத்த நாள் எழுதியும் விட்டான். எனக்கு அந்த வரிகள் மனப்பாடம்:

'ஈரக்குடையில் இரண்டு பேர் என்கிறார்கள். எனக்கு ஒருவர்தான் கேட்டார். அவர் நன்றாகப் பாடுகிறார். இன்னும் நன்றாகப் பாடுவார். இன்னொருவர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தன் குரல் அடுத்தவருக்குக் கேட்க வேண்டும் என்று நினைக்காதவர் எதற்காகப் பாட வரவேண்டும்? பாதி வீடு காலி.'

குட்டி படித்தாள். அழவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை. "தேங்க்ஸ்பா" என்றாளாம். பிறகு தோழியின் அறைக்குப் போய், பதிவிலிருந்து தன் குரலை எடுத்துவிட்டாள். ஒலியைக் குறைத்து வைக்கவில்லை. கணினியில் அவள் பாடிய பகுதி தனியாக இருந்ததாம். அதையும், இரண்டு குரலும் சேர்ந்த பழைய பதிவையும் அப்படியே அழித்துவிட்டாள். தோழி கத்தினாள், உங்க அப்பா என்ன பெரிய இவரா என்று சண்டை போட்டாள். எங்க அப்பாவுக்குக் கேக்கலன்னா அது இல்லன்னுதான் அர்த்தம் என்று குட்டி சொல்லிவிட்டாள். இதைத் தோழியே பின்னால் என் கடைக்கு வந்து சொல்லி அழுதாள்.

ஆல்பம் ஒற்றைக் குரலோடு வெளிவந்தது. கேட்டவர்களுக்குக் கடைசி வரிசை எழுதியது சரியாகத்தான் பட்டது, இன்னொருவரைத்தான் காணோமே. தோழியைத் தனியாகப் பாட அழைத்தார்கள். குட்டி மைக்கை விற்றாள். வேறு ஊரில் பெட்டி அச்சடிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்ததும் போய்விட்டாள். பொங்கி வழிகிற கோபம் என்றால் சமாதானம் செய்யலாம். அவள் கோபமே படவில்லை. அப்பாவோடு ஃபோனில் பேசுவாள், மழை பெய்ததா, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. இவனும் அதற்குப் பிறகு அந்தப் பென் டிரைவைத் தொடவில்லை. உண்மையைத்தானே எழுதினேன் என்று என்னிடம் அடிக்கடி சொல்வான். நான் கேட்காமலே சொல்வான்.

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு சளிக்காலத்தில் அவனுக்கு இடது காது வீங்கி, சீழ் வைத்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை வாங்கக் கடைக்கு வந்தான். அவனுக்குத் தானாக விட்டுக்கொள்ள வராது. பின்பக்கம் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் இடத்தில் ஸ்டூலில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்து, மருந்தை விட்டுப் பஞ்சால் இறுக அடைத்தேன். பிறகு பெட்டிகளை எடுக்க அவனுடைய வலப்பக்கம் போனேன்.

"எரியுதா?" என்றேன்.

பதில் இல்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், எரியுதான்னு கேட்டேன்."

அசையவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அக்கா பேசினா காதுல ஏறாதே உனக்கு. கழுதைக்கு மருந்து விட்டிருந்தா அதாவது தலைய ஆட்டியிருக்கும்," என்று அவன் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று நினைத்து, வலது காதை ஒட்டிக் கையைப் பலமாகத் தட்டினேன். முன்னால் கடையில் நின்றிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். என் தம்பி திரும்பவில்லை.

முன்னால் வந்து நின்று அவன் தோளை உலுக்கினேன். நான் பேசுவது அவனுக்குப் புரியவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு, "ஏன்க்கா கத்தற?" என்றான். நான் அவன் வலது காதைத் தொட்டு, இதில் எதுவும் கேட்கவில்லையா என்று கேட்டேன். சிரித்தான். பிறகு இடது காதைத் தானே உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பேசு என்று சைகை காட்டினான். நான் பேசினேன். அவன் என் வாயையே பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

காது போன மனிதன் முதலில் தன் காதைப் பற்றித்தானே கேட்பான்? எப்படிப் போயிற்று, திரும்ப வருமா என்று? என் தம்பி அதைக் கேட்கவில்லை. கையை எடுத்தான்.

"அக்கா, நீ அங்க போனல்ல. குட்டி எந்தப் பக்கம் உக்காந்திருந்தா?"

வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, வலது காது போய்ப் பல வருடங்கள் இருக்கும் என்றார். இயந்திரச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது. இடது காதை இயர்போன் அடைத்துக்கொண்டிருந்ததால் அது தப்பித்துக்கொண்டது. இத்தனை நாளாகத் தெரியவே இல்லையா என்று டாக்டருக்கு ஆச்சரியம். எப்படித் தெரியும்? இயந்திரச் சத்தம் இயர்போனையும் மீறி இடது காதில்தான் விழுந்திருக்கிறது, வலது காது கேட்கிறது என்று இவன் நினைத்துக்கொண்டான். ஃபோனை இடது காதில் வைப்பவன். பாட்டை இடது காதில் கேட்டுப் பழகியவன். வீட்டில் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாலும், சத்தம் இடப்பக்கமாக இருப்பதுதான் அவனுக்கு வழக்கம். ஒற்றை மைக்கில் பதிவான பழைய கேசட்டுகளில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான். ஒரு காது போதும். அதனால் அவற்றில் வீடு நிறைய ஆள். புது ஆல்பங்களில் ஆட்களை இரண்டு பக்கமும் பிரித்து உட்கார வைக்கிறார்கள். வலப்பக்கத்து ஆட்களை இவன் வாசலோடு அனுப்பிவிட்டு, வீடு காலி என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

இடது காது ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பென் டிரைவையும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். தன் வீட்டில் கேட்கத் தைரியம் இல்லை என்றான். என் மடிக்கணினியில் போட்டான். வலது பக்கத்து இயர்போனை எடுத்து இடது காதில் மாட்டிக்கொண்டான்.

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை, அவன் முகம்தான் தெரிந்தது. முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே அவன் அழுதுவிட்டான். துடைத்துக்கொள்ளவும் இல்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் அசையாமல் கேட்டான். பிறகு கழற்றி என்னிடம் நீட்டினான்.

"உனக்குத்தான் ரெண்டு காதும் இருக்கே. நீ கேளுக்கா. கேட்டுட்டு எனக்குச் சொல்லு."

எனக்குச் சங்கீதமெல்லாம் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். தோழி ஒரு வரி பாடுகிறாள். குட்டி அதையே திருப்பிப் பாடவில்லை. கொஞ்சம் தணிந்து, கொஞ்சம் தாமதித்து, அடுத்த அறையிலிருந்து பதில் சொல்வதுபோல் பாடுகிறாள். பயந்து ஒதுங்கின குரல் இல்லை அது. தோழியின் குரலைவிட அழுத்தமான குரல். தோழி கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இவள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். என் தம்பி கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு, பதிலே வரவில்லை என்று எழுதியிருக்கிறான். பாவி. எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

"நல்லா பாடியிருக்காடா," என்றேன்.

"நான் கேட்டதுலயே..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

அந்த வாரமே கடைசி வரிசையில் எழுதினான். என் காது இப்படி, ஆகவே இத்தனை காலம் நான் சொன்ன தீர்ப்பெல்லாம் பாதித் தீர்ப்பு, பாதி வீடு காலி என்று நான் எழுதிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினான். சிலர் ஆறுதல் சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு குழுவின் பேஸ் கிட்டார்காரர், நாங்கள் பிரிந்து ரொம்ப நாளாகிறது, பரவாயில்லை சார் என்று எழுதியிருந்தார். ஈரக்குடையைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். அவன் ஆயுளில் அப்படி எதையும் புகழ்ந்ததில்லை. ஆனால் படித்தவர்களுக்கு அது மண்டையில் ஏறவில்லை. அவர்களிடம் இருப்பது ஒற்றைக் குரல் ஆல்பம். இவன் புகழ்கிற குரல் அதில் எங்கே இருக்கிறது? பெண்ணைப் பிரிந்த ஏக்கம், பாவம் என்று முடித்துக்கொண்டார்கள்.

குட்டிக்கு ஃபோன் செய்ய அவனுக்குப் பல நாள் ஆயிற்று. கடைசியில் என் வீட்டுக்கே வந்து, ஃபோனை மேசையில் வைத்து, சத்தமாக ஒலிக்க விட்டான். நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றான்.

"காது எப்படி இருக்குப்பா? அம்மா சொன்னாங்க," என்றாள் குட்டி.

"காது கிடக்கட்டும். நான் எழுதினதப் படிச்சியாம்மா?"

"படிச்சேன்பா."

"அது நிஜம்மா. ஒரு வார்த்தகூடக் கூட்டி எழுதல."

அவளுக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நீங்க எழுதினதப் படிச்சிட்டு நானும் போட்டுக் கேட்டேன்பா. எனக்கு என் குரல் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. நம்ம குரல் நமக்குக் கேக்கத்தான செய்யும், அடுத்தவங்களுக்குக் கேக்கலன்னு நினைச்சேன்."

"தப்பு என்மேலம்மா. முழுக்க என்மேல."

"உங்கமேல என்ன தப்பு? உங்களுக்குக் கேக்கல. ஆனா அப்பா, காது கேக்காம நீங்க சொன்னத நான் அப்படியே நம்பிட்டேன். இப்ப கேட்டுட்டுச் சொல்றீங்க. என்னால நம்ப முடியல. பாவம்னு சொல்றீங்களோன்னு தோணுது. இனிமே நீங்க என்ன சொன்னாலும் அப்படித்தான் தோணும்பா."

என் தம்பி என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? "குட்டி, நானும் கேட்டேன்மா, நல்லா இருக்கு," என்றேன். "நீங்க எப்பவும் அப்படித்தான சொல்வீங்க அத்தை," என்று சிரித்தாள்.

"திரும்ப ஒரு தடவ ரெண்டு பேரும் உக்காந்து பாடுங்களேன்மா," என்றான் இவன்.

"வராதுப்பா இப்ப. முயற்சி பண்ணிப் பார்த்தேன். வாயத் திறந்ததும் யாருக்குக் கேக்கப்போகுதுன்னு தோணிடுது."

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கெஞ்சுகிற குரலில் கேட்டான்.

"அப்ப என்கிட்ட இருக்கிற பதிவையாவது வெளிய விடட்டுமா? நீ உன்னோடத அழிச்சிட்ட. வேற யார்கிட்டயும் இல்ல. நாலு பேர் கேட்டா உனக்கே தெரியும், நான் பொய் சொல்லலன்னு. உலகமே கேக்கட்டும்மா."

இதைச் சொன்னது என் தம்பி. நாலு பேருக்குப் பிடித்தால் முகம் கோணுகிறவன்.

"வேணாம்பா," என்றாள் குட்டி. "முடிஞ்சு போச்சு. அது உங்ககிட்டயே இருக்கட்டும். வேற யார்கிட்டயும் இல்லாத பதிவுன்னா உங்களுக்குப் பிடிக்குமே."

அவள் குத்திக் காட்டவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குத்திக் காட்டத் தெரியாது. அப்பாவுக்கு ஒரு நல்ல பொருள் கிடைத்துவிட்டது என்று நிஜமாகவே சந்தோஷப்படுகிற குரலில்தான் சொன்னாள்.

"சரிம்மா. பத்திரமா வெச்சுக்கறேன்," என்றான் என் தம்பி.